பிரியான்களும் வைரஸ்களும்

செம்மறியாடுகளுக்கு உண்ணிகளால் பரவும் 'லூப்பிங் இல்' என்னும் வைரஸ் நோயைத் தடுக்க, 1930-களில் ஸ்காட்லாந்தில் ஒரு தடுப்பு மருந்து தயாரிக்கப்பட்டது. நோயுற்ற ஆடுகளின் மூளை முதலிய திசுக்களை அரைத்து, பார்மலின் சேர்த்து, வைரஸைச் செயலிழக்கச் செய்து அம்மருந்தை ஆக்கினர். எனினும் அதன் ஒரு தொகுதியைப் பெற்ற ஆடுகள் பலவற்றை, ஏறத்தாழ ஈராண்டுகளுக்குப் பின் 'ஸ்கிரேப்பி' என்னும் வேறொரு மூளை நோய் பீடித்தது. வைரஸை அழித்த பார்மலினால் அழியாத அந்தத் தொற்றுப்பொருள் யாது?

பாக்டீரியா, பூஞ்சை, ஒட்டுண்ணிகள் ஆகியவை உயிரணுக்களால் ஆனவை. வைரஸுக்கு உயிரணு அமைப்பு இல்லை, ஆயினும் டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. என்னும் மரபுப்பொருள் உண்டு. அதைக்கொண்டே அது பிற உயிரணுக்களுள் புகுந்து பெருகுகிறது. மரபுப்பொருளைச் சிதைக்கும் புறஊதாக் கதிர்கள் ஸ்கிரேப்பித் தொற்றை எளிதில் அழிப்பதில்லை என்பதை 1967-இல் டிக்வா ஆல்ப்பரும் அவருடைய குழுவினரும் வெளியிட்டனர். இத்தொற்றுப்பொருள் ஒரு புரதமே எனக் கூறி, அதற்குப் 'பிரியான்' என 1982-இல் பெயரிட்டவர் அமெரிக்க அறிஞர் ஸ்டான்லி புருசினர். இவ்வாராய்ச்சிக்காக 1997-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பிரியானுக்கு மூலமான புரதம் நலமுள்ள பாலூட்டிகளின் மூளையிலும் இயல்பாகவே உள்ளது. அதன் மடிப்பு பிறழும்போது நோய் தோன்றுகிறது. பிறழ்ந்த புரதம் தன்னை அடுத்துள்ள நல்ல புரதத்தையும் தன் உருவிற்கு மாற்றுகிறது. மாறியவை மேலும் பலவற்றை மாற்றுகின்றன. நாளடைவில் நரம்பணுக்கள் மடிந்து, மூளை பஞ்சுபோல் துளைபடுகிறது. உடலுக்குரிய புரதமாகவே இருப்பதால் நோய் எதிர்ப்பு ஆற்றல் இதைப் பகையென உணர்வதில்லை. ஆகவே வைரஸ் நோய்களிற் போல எதிர்ப்பொருள்கள் உண்டாவதில்லை. நோய் வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகலாம். வெளிப்பட்டபின் குணப்படுத்தும் மருந்து இதுவரை இல்லை.

கொதிநீர், சாராயம், பார்மலின் ஆகியவை பிரியானை அழிக்கப் போதா. கருவிகளை 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவைத்தல், 134 பாகை செல்சியஸில் அழுத்த நீராவியில் 18 நிமிடம் வைத்தல் போன்ற கடுமையான முறைகளே பரிந்துரைக்கப்படுகின்றன.

ஆதலின் தொற்றும் வழியை அடைப்பதே தலையாய தடுப்பாகும். பிரிட்டனில் 1986-இல் மாடுகளிடம் கண்டறியப்பட்ட 'பைத்தியப் பசு நோய்', கால்நடைகளின் இறைச்சியையும் எலும்பையும் அரைத்த தூளைத் தீவனத்திற் கலந்ததால் பரவியது. அங்கு 1,80,000-க்கும் மேற்பட்ட மாடுகள் நோயுற்றன. அந்நோயோடு தொடர்புடைய மூளை நோய் மனிதரிடமும் தோன்றியமை 1996-இல் அறிவிக்கப்பட்டது. இத்தகைய தீவனத்திற்கு 1988-இல் விதிக்கப்பட்டுப் பின்னர் மேலும் கடுமையாக்கப்பட்ட தடையினாலேயே நோய் தணிந்தது.

களப்பணியாளர் இதை வெறிநாய்க்கடி நோயோடு ஒன்றாகக் கருதலாகாது. வெறிநோயும் மூளையையே தாக்குவதாயினும், அது வைரஸால் வருவது. கடித்த இடத்தை உடனே சோப்பும் நீரும் கொண்டு நன்கு கழுவித் தடுப்பூசி முறையாக இட்டால் அதைத் தடுக்கலாம். தொற்றுநோய்கள் யாவும் கிருமிகளால் வருவன என்று கற்பிக்கும் ஆசிரியர்கள், பிரியான் என்னும் இவ்விதிவிலக்கையும் மாணவர்க்கு எடுத்துரைத்தல் நலம்.