பந்தியும் பாதரசமும்

புரோகிராமிங் கற்கத் தொடங்கிய பலரும் ஒருமுறையாவது இப்படி எழுதியிருப்பார்கள்: மழை1, மழை2, மழை3... நாளுக்கொரு மாறி, அதாவது எண்ணைப் போட்டுவைக்கப் பெயர் ஒட்டிய டப்பா. ஒரு வாரத்துக்குச் சரி. ஆண்டுக்கு 365 டப்பா என்றால் கை கடுத்துவிடும்.

கல்யாணப் பந்தியில் இலைக்கொரு ஆளா நின்று சாம்பார் ஊற்றுகிறார்? வாளியோடு ஒருவர் அடுத்த இலை, அடுத்த இலை என்று நகர்ந்துகொண்டே போகிறார். அந்த இலை வரிசைதான் அணி: பெயர் ஒன்று, இடத்துக்கு ஓர் எண். அவருடைய நடை மடக்கு: அதே கட்டளைகள், திரும்பத் திரும்ப.

இதன் அருமை தெரிய மெல்பர்னின் சயின்ஸ்வொர்க்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். டிரெவர் பியர்சியும் மாஸ்டன் பியர்டும் சிட்னியில் உருவாக்கி, 1949 நவம்பரில் முதல் நிரலை ஓட்டிய சிஎஸ்ஐராக் கணினி அங்கே இருக்கிறது. சுமார் 2,000 வால்வுகள் கொண்ட அந்தப் பூதத்தின் நினைவகத்தில் மொத்தம் 768 இடங்கள்தான். இந்தக் கட்டுரைகூட அதில் அடங்காது! ஓராண்டு மழையளவுக்கு 365 இடம், ஒவ்வொன்றையும் கூட்ட 365 கட்டளை என்று போனால், மிச்சம் 38.

மடக்கு இருந்தால் கூட்டும் வேலை ஒரு கைப்பிடிக் கட்டளைகளில் முடிந்துவிடும். எப்படி? கணினிக்குக் கட்டளையும் ஓர் எண்தான். 'ஐந்தாம் இடத்தில் உள்ளதைக் கூட்டு' என்ற கட்டளையோடு ஒன்றைக் கூட்டினால், அது 'ஆறாம் இடத்தில் உள்ளதைக் கூட்டு' என்று மாறிவிடும். நிரல் ஓடிக்கொண்டே தன்னைத் திருத்திக்கொள்கிறது. கொஞ்சம் துணிச்சலான வேலைதான்.

வேடிக்கை என்னவென்றால், அந்த நினைவகமே ஒரு மடக்கு. பாதரசம் நிரப்பிய குழாயின் ஒரு முனையில் எண்கள் ஒலித் துடிப்புகளாக நுழையும். மறுமுனையில் கணினி அவற்றைப் பிடித்து, வலுவேற்றி, மீண்டும் முதல் முனைக்கே அனுப்பும். சுற்றல் நின்றால் நினைவு போச்சு.

கணினியோடு ஒரு ஒலிபெருக்கியும் இருந்தது. மடக்கு ஒவ்வொரு சுற்றிலும் அதற்கு ஒரு துடிப்பு அனுப்பினால், துடிப்புகள் சேர்ந்து ஸ்வரமாகும். ஜெஃப் ஹில் என்ற நிரலாளர் இந்த உத்தியை வைத்தே நிரல் எழுத, 1951 ஆகஸ்டில் சிட்னியில் நடந்த கணினி மாநாட்டில் 'கர்னல் போகி' மெட்டு ஒலித்தது. சுற்று குறுகினால் சுருதி ஏறும், நீண்டால் இறங்கும்.