பகுதியும் முழுமையும்: மடிக்கணினியில் வைஃபை அட்டை மாற்றத்தின் பின் நிகழும் செயலிழப்புகள் பற்றிய சில குறிப்புகள்

ஒரு பொருளின் இயல்பை அதனைத் தனித்து நோக்குவதனால் மாத்திரம் அறிந்துகொள்ள முடியாது. ஏனைய பொருள்களோடு அது கொண்டுள்ள உறவுகளிலேயே அவ்வியல்பு வெளிப்படுகின்றது. இலக்கிய ஆய்விலே நாம் வலியுறுத்திவரும் இவ்வுண்மை அன்றாடக் கருவிகளுக்கும் பொருந்துவதாகும். வைஃபை அட்டை மாற்றப்பட்ட மடிக்கணினி சில வேளைகளில் நீலத்திரை காட்டி நின்றுவிடுவதுண்டு. (விண்டோஸ் 11இல், 2025ஆம் ஆண்டுப் புதுப்பிப்பின் பின்னர், அது கருந்திரையாயிற்று.) ‘அட்டை பழுது’ என்றோ, ‘திறந்தவர் கெடுத்துவிட்டார்’ என்றோ அப்போது தீர்ப்பளிக்கப்படுகின்றது. இரண்டும் உறவுகளைப் புறக்கணிக்கும் முடிவுகளாகும்.

எம்மிடம் பயிலும் ஆய்வு மாணவர் ஒருவருக்கு அண்மையில் இதுவே நேர்ந்தது. வேறொரு நிறுவனத்தின் அட்டையைப் பொருத்திய மறுநாள் முதல், உறக்கநிலையிலிருந்து மீளும்போதெல்லாம் அவரது கணினி செயலிழந்தது. திருத்துநர் ஒருவர் தாய்ப்பலகையே பழுதென்றார். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின்னர் புதிய கணினி மாணவர் பலருக்கு எட்டாப் பொருளாகிவிட்ட நிலையில், அத்தீர்ப்பு அவரது ஆய்வேட்டையே இடைநிறுத்தக்கூடியதாயிருந்தது.

எனவே முதற்கண் செய்யவேண்டியது ஒரு சோதனை. மின்னிணைப்பை நீக்கி, உள்ளே மின்கலத்தின் இணைப்பையும் கழற்றி, அட்டையை முற்றாக அகற்றிவிட்டுக் கணினியை இயக்கிப் பார்த்தல் வேண்டும். அட்டை இல்லாதபோதும் செயலிழப்புத் தொடருமாயின், காரணத்தை வேறிடத்தே தேடவேண்டும். மூடியைத் திறந்தவேளை நினைவக அட்டை சற்றே அசைந்திருத்தலும் கூடும். செயலிழப்பு நின்றுவிடின், அட்டைக்கும் கணினிக்குமிடையிலான உறவே ஆராயத்தக்கது. ஒரு வேளையில் ஒன்றை மாத்திரம் மாற்றுதல் இவ்வாய்வின் அடிப்படை விதியாகும். இரண்டை ஒருங்கே மாற்றுபவர், பழுது நீங்கினும் அதன் காரணத்தை அறியார்.

அடுத்து நோக்கத்தக்கது உருவத்துக்கும் உள்ளடக்கத்துக்குமுள்ள முரண்பாடு. இன்றைய அட்டைகளிற் பெரும்பாலானவை எம்.2 என்னும் நியமத்துக்கமைய 22 மில்லிமீற்றர் அகலமும் 30 மில்லிமீற்றர் நீளமும் கொண்டவை. உருவத்தில் ஒன்றாயினும் அவை தொழிற்படும் முறையில் ஒன்றல்ல. இன்டெல் நிறுவனத்தின் ஏ.எக்ஸ்.200 தன்னளவில் முழுமையான அட்டை, பி.சி.ஐ.இ. இணைப்புள்ள பல்வேறு கணினிகளிலும் அது இயங்கவல்லது. ஏ.எக்ஸ்.201 அத்தகையதன்று. சி.என்.வி.ஐ. எனப்படும் முறையில் வலையமைப்புப் பணியின் ஒரு பகுதி இன்டெலின் சில்லுத்தொகுதியிலேயே நடைபெறுகின்றது. அட்டையில் எஞ்சியிருப்பது வானொலிப் பகுதியே. எனவே ஏ.எம்.டி. கணினியில் அது துளைக்குள் சரியாகப் பொருந்தியும் பயன்படுவதில்லை. மேலும், அட்டையின் வைஃபை பி.சி.ஐ.இ. வழியாகவும் புளூடூத் பொதுவாக யூ.எஸ்.பி. வழியாகவும் இணைவதால், ஒன்று இயங்குவதை மற்றையது சரியென்பதற்குச் சான்றாகக் கொள்ளலாகாது.

மூன்றாவது, பழைய அமைப்பின் எச்சங்கள். அட்டையை அகற்றினாலும் அதற்குரிய ‘டிரைவர்’ எனப்படும் செலுத்தி மென்பொருள் பணிசெயல் முறைமையில் தங்கிவிடுகின்றது. விண்டோஸின் ‘டிவைஸ் மனேஜர்’ பகுதியில் மறைந்துள்ள சாதனங்களைக் காட்டச் செய்து, பழைய அட்டையின் பதிவையும் செலுத்தியையும் நீக்கிய பின்னர், புதிய அட்டைக்குரிய செலுத்தியை நிறுவுதல் நன்று. செயலிழப்பின்போது எழுதப்படும் பதிவுகள் பொதுவாக விண்டோஸ் கோப்புறையின் ‘மினிடம்ப்’ உட்கோப்புறையில் கிடைக்கும். அவற்றில் வலையமைப்புச் செலுத்தியின் பெயர் மீண்டும் மீண்டும் வருமாயின், அது வலுவான தடயமாகும்.

நான்காவது, மின்சிக்கனம். மின்கலத்தைப் பேணும்பொருட்டு முறைமை அட்டையை உறங்கவைத்து மீண்டும் எழுப்புகின்றது. இவ்விடத்தே அட்டையும் செலுத்தியும் தாய்ப்பலகையும் இணங்காவிடின், உறக்கத்திலிருந்து மீளும்போது செயலிழப்பு நிகழும். சாதனத்தின் மின் முகாமைப் பகுதியில், சிக்கனத்துக்காக அதனை நிறுத்த அனுமதிக்கும் தெரிவை நீக்கி இதனைச் சோதிக்கலாம்.

மாணவரின் கணினியில் இவ்வொழுங்கையே பின்பற்றினோம். அட்டையின்றி இரு நாட்கள் பழுதேதும் நிகழவில்லை, தாய்ப்பலகை குற்றமற்றதாயிற்று. அட்டை பி.சி.ஐ.இ. வகையினதே, பொருத்தப்பாட்டில் குறையில்லை. பழைய செலுத்தியை நீக்கிப் புதியதை நிறுவியும் செயலிழப்புத் தொடர்ந்தது. மின்சிக்கனத் தெரிவை நீக்கியதும் அது நின்றது. மின்கலம் சற்று விரைவாகத் தீர்கின்றது என்பதே அவர் செலுத்தும் விலை.

இறுதியாக, தொழில்நுட்பக் காரணமாகத் தோற்றினும் உடைமை உறவிலிருந்து பிறக்கும் தடையொன்றுண்டு. சில நிறுவனங்கள் தாம் அங்கீகரித்த அட்டைகளின் பட்டியலைப் பயோஸில் பதித்துவைத்தன. ஐ.பி.எம். நிறுவனமும் பின்னர் லெனோவோவும் வெளியிட்ட பழைய திங்க்பேட் வகைகள் பல, பட்டியலில் இல்லாத அட்டையைக் கண்டதும் 1802 என்னும் வழு எண்ணைக் காட்டித் தொடங்க மறுத்தன. வானொலிக் கருவிகளுக்கான அரச அங்கீகாரம் அட்டையையும் அன்ரெனாவையும் சேர்த்தே பெறப்படுகின்றது என்பது இதற்குக் கூறப்படும் நியாயம். அதனை முற்றாக மறுப்பதற்கில்லை. ஆயினும், விலைகொடுத்து வாங்கியவர் தம் கருவியினுள் எதனைப் பொருத்தலாம் என்பதை விற்றவரே தொடர்ந்து தீர்மானிக்கும் நிலை அதனால் உருவாயிற்று என்பதும் மறுக்கவியலாதது.

கருவியின் உள்ளுறவுகளை அறியாதவர் பிறரது தீர்ப்புக்கு அடிபணிய வேண்டியவராகின்றார். ‘தாய்ப்பலகை பழுது’ என்ற ஒரு சொல் ஓராண்டு உழைப்பை நிறுத்தியிருக்கும். ஒரு திருப்புளியும் ஒழுங்கான சோதனையும் அதனைத் தடுத்தன. அறிவு பொதுவுடைமையாதல் வேண்டும் என்று நாம் கூறுவது இத்தகைய சிறிய காரியங்களையும் உள்ளடக்கியே எனலாம்.