ஆப்பிரிக்க இளைஞரிடையே அயல்நாட்டார் தொண்டு: ஏற்றமும் இறக்கமும்

பிற நாட்டு இளைஞர் ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சென்று, அங்குள்ள மாணவரோடும் இளைஞரோடும் ஓராண்டோ ஈராண்டோ வாழ்ந்து, பணியாற்றித் திரும்பும் வழக்கம் இன்று உலகெங்கும் அறியப்பட்ட ஒன்று. அவர்கள் பெறுவது உணவும் உறைவிடமும் கைச்செலவுக்கு ஒரு சிறு தொகையுமே. இவ்வழக்கத்தைத் தியாகம் என்று போற்றுவாரும் உளர். செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் உல்லாசப் பயணம் என்று இகழ்வாரும் உளர். இவ்விரு தீர்ப்புகளுக்கும் நடுவே நின்று நாம் ஆராய வேண்டிய வினா ஒன்று உண்டு. இத்தொண்டினால் பயன் பெறுபவர் யார்? சென்றவரா, அவரை ஏற்றுக்கொண்டவரா?

தமிழகத்திற்கு வெளியே, டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர் வீடுகளிலும் இவ்வினா இன்று எழக்கூடியதே. கல்லூரிப் படிப்பை முடித்த மகனோ மகளோ, "ஓராண்டு ஆப்பிரிக்காவில் தொண்டு செய்து வருகிறேன்" என்று கூறினால், பெற்றோர் என்ன விடை கூறுவது? அச்சத்தினால் தடுப்பதும் சரியன்று. பெருமையினால் உடனே இசைவதும் சரியன்று. இத்தொண்டு வளர்ந்த வரலாற்றை அறிந்தால் விடை ஓரளவு தெளிவாகும்.

முதற்கண் இவ்வியக்கத்தின் தோற்றத்தைக் காண்போம். முதல் உலகப் போரில் அழிந்த வெர்தூன் நகரை அடுத்த ஒரு சிற்றூரை மீண்டும் எழுப்புவதற்காக, 1920-ஆம் ஆண்டில் பியேர் செரசோல் என்னும் சுவிஸ் நாட்டுப் பொறியாளர் பல நாட்டாரையும் ஒன்றுசேர்த்தார். முன்னாள் பகைவரான ஜெர்மானியரும் அக்குழுவில் இருந்தனர். சில மாதங்களுக்குள் எதிர்ப்பு எழுந்தமையால் முகாம் கலைந்தது. ஆயினும் சர்வதேசத் தொண்டு என்னும் கருத்து நிலைத்தது. 1934-ஆம் ஆண்டு ஜனவரியில் பீகாரில் பெரும் பூகம்பம் நிகழ்ந்தபோது, அதே செரசோல் இந்தியாவுக்கு வந்து, முஸபர்பூர் வட்டாரத்தில் வீடிழந்த மக்களுக்கு ஊர்கள் அமைக்கும் பணியில் சில தோழர்களுடன் ஈடுபட்டார். ஆகவே, அயல்நாட்டுத் தொண்டரை வரவேற்று உபசரித்த அனுபவம் நம் நாட்டுக்கும் உண்டு என்பதை மறத்தலாகாது.

இனி ஆப்பிரிக்காவுக்கு வருவோம். 1957-ஆம் ஆண்டு மார்ச் 6-ஆம் நாள் கானா விடுதலை பெற்றது. 1960-ஆம் ஆண்டில் மட்டும் பதினேழு ஆப்பிரிக்க நாடுகள் சுதந்திரம் எய்தின. புதிய அரசுகள் முதலில் திறக்க விரும்பியவை பள்ளிக்கூடங்களே. கட்டடத்தைச் சில மாதங்களில் எழுப்பிவிடலாம். ஆனால் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்கும் ஆசிரியரைச் சில மாதங்களில் உருவாக்க இயலாது. குடியேற்ற ஆட்சி உயர்கல்வியை மிகச் சிலருக்கே அளித்திருந்தமையால் பட்டதாரிகள் அருகியே இருந்தனர். இப்பற்றாக்குறையே அயல்நாட்டு இளைஞருக்கு ஆப்பிரிக்காவின் கதவைத் திறந்தது.

பிரிட்டனில் 1958-ஆம் ஆண்டில் அலெக் டிக்ஸன் என்பவரும் அவர் துணைவியார் மோராவும் தொடங்கிய வெளிநாட்டுத் தன்னார்வப் பணி அமைப்பு, பள்ளிப் படிப்பை முடித்த பதினெட்டு வயதுப் பிள்ளைகளை ஓராண்டுப் பணிக்கு அனுப்பியது. சிலர் போர்னியோவின் சராவாக் பகுதிக்கும், சிலர் கானா, நைஜீரியா, காமரூன் ஆகிய ஆப்பிரிக்க நாடுகளுக்கும் சென்றனர். ஆர்வம் இருந்தது, பயிற்சி இல்லை. சில ஆண்டுகளுக்குள், அதாவது 1962 முதல், பட்டதாரிகளை அனுப்பும் முறை ஏற்பட்டது. தொண்டு செய்ய விரும்புபவருக்கு விருப்பம் மட்டும் போதாது, ஒரு தொழிலோ கல்வியோ கைவசம் இருத்தல் வேண்டும் என்பது இயக்கத்தின் தொடக்கத்திலேயே உணரப்பட்டது.

அமெரிக்காவில் 1961-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் அதிபர் கென்னடி 'பீஸ் கோர்' எனப்படும் சமாதானப் படையை நிறுவினார். அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் 30-ஆம் நாள் ஏறத்தாழ ஐம்பது இளம் ஆசிரியர்கள் கானாவின் தலைநகரான அக்ராவில் வந்திறங்கினர். விமான நிலையத்திலேயே, தம்மை வரவேற்க வந்தோர் முன்னிலையில், அந்நாட்டு மொழிகளுள் ஒன்றான டுவீ மொழியில் அவர்கள் ஒரு பாடலைப் பாடினர். உச்சரிப்பில் குறை இருந்திருக்கலாம். ஆயினும், "உங்கள் மொழியைக் கற்க முயன்றோம்" என்று சொல்லாமற் சொன்ன அச்செயல் கானா மக்களின் உள்ளத்தைத் தொட்டது. அவர்கள் வந்தது கானா அரசின் வேண்டுகோளின்பேரில். ஏற்றது ஆசிரியர் இல்லாத உயர்நிலைப் பள்ளிகளில் பாடம் நடத்தும் வேலை. அழைப்பு, தேவை, தகுதி ஆகிய மூன்றும் பொருந்தியிருந்தமையால் அத்தொண்டு நற்பெயர் ஈட்டியது.

இவ்வேற்றத்துக்கு அடுத்தபடியே ஓர் இறக்கமும் வந்தது. அதே 1961-ஆம் ஆண்டு அக்டோபரில், நைஜீரியாவின் இபாதான் நகரப் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயிற்சி பெற்றுவந்த அமெரிக்கத் தொண்டர்களுள் ஓர் இளம்பெண், தம் நாட்டு நண்பருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினார். அங்கு மக்கள் வாழும் நிலைமை மிகப் பழமையானது என்றும், தெருவிலேயே எல்லாம் நடைபெறுகின்றன என்றும் வியந்து எழுதிய அவ்வட்டை, அஞ்சற் பெட்டியைச் சேர்வதற்கு முன்னரே ஒரு மாணவர் கையில் அகப்பட்டது. அதன் படிகள் விடுதியெங்கும் பரவின. விடுதலை பெற்று ஓராண்டே ஆன நாட்டின் மாணவர்கள் கொதித்தெழுந்தனர். தொண்டர்கள் வெளியேற வேண்டும் என்று முழங்கினர். அப்பெண் தாயகம் திரும்ப நேர்ந்தது. எஞ்சியோர் பொறுமையாக அங்கேயே தங்கி, மெல்ல மெல்ல மாணவரின் நட்பை மீண்டும் பெற்றனர்.

இந்நிகழ்ச்சியில் அவ்விளம்பெண்ணை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. புதிய ஊரைக் கண்டு திகைத்து வீட்டுக்குக் கடிதம் எழுதாதவர் யார்? ஆயினும் விருந்தாளியாகச் சென்றவர் தம்மை ஏற்றுக்கொண்டவரின் வறுமையை வேடிக்கைப் பொருளாக்கினால் அது எவ்வளவு ஆழமாகப் புண்படுத்தும் என்பதற்கு இது சான்று. அஞ்சலட்டையின் இடத்தை இன்று கைப்பேசிப் படங்கள் பிடித்துக்கொண்டுள்ளன. கிழிந்த சட்டை அணிந்த குழந்தைகளை அணைத்துக்கொண்டு படம் எடுத்து உலகுக்குக் காட்டும் தொண்டர்கள், அக்குழந்தைகளின் பெற்றோரிடம் அனுமதி கேட்டார்களா என்பது ஐயமே. இப்போக்கைக் கேலி செய்து, 2012-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு மாணவர் அமைப்பு ஒன்று ஒரு பாட்டுப் படம் வெளியிட்டது. குளிரில் வாடும் நார்வே மக்களுக்கு இரங்கி, ஆப்பிரிக்க இளைஞர் வெப்பமூட்டும் கருவிகளைத் திரட்டி அனுப்புவதாக அப்படம் அமைந்திருந்தது. பார்த்தவர்கள் நகைத்தனர்; பின்னர் சிந்தித்தனர்.

தொண்டரின் உள்ளத்திலும் ஏற்றமும் இறக்கமும் உண்டு. முதற் சில வாரங்கள் புதுமையின் மகிழ்ச்சியில் கழியும். பின்னர் மொழி புரியாத தனிமை வந்து சூழும். உணவு ஒவ்வாது, மலேரியாக் காய்ச்சல் வரும், மின்சாரம் இல்லாத மாலைப்பொழுது நீண்டதாய்த் தோன்றும். எல்லாவற்றிற்கும் மேலாக, "நாம் இங்கு வந்ததனால் யாருக்கு என்ன நன்மை?" என்ற ஐயம் வாட்டும். மொழி வேறான மாநிலத்தில் குடியேறி, கடைத்தெருவில் விலை கேட்கவும் தயங்கி நின்ற நாட்களை அறிந்த நம்மவருக்கு இந்நிலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அந்நாட்களில் நம்மைக் காத்தது யாது? அண்டை வீட்டாரின் மொழியில் நாம் கற்ற நான்கு சொற்களே அன்றோ?

ஆப்பிரிக்காவிலும் அங்ஙனமே. தான்சானியாவில் ஸ்வாஹிலி மொழி பேசுவோர், பெரியோரைக் கண்டால் 'ஷிக்கமூ' என்று வணங்குவர். பெரியவர் 'மரஹபா' என்று ஏற்றுக்கொள்வர். வீட்டு நலத்தையும் வேலை நலத்தையும் வினவிய பின்னரே வந்த காரியத்தைப் பேசத் தொடங்குவர். இம்முறையை அறியாமல் நேரே காரியத்தைப் பேசுபவர் மரியாதை அறியாதவராகக் கருதப்படுவார். சமாதானப் படையில் ஒரு தொண்டரின் காலம் இருபத்தேழு மாதம். அதில் முதல் மூன்று மாதம் மொழிக்கும் பழக்கவழக்கங்களுக்கும் ஒதுக்கப்படுவதன் காரணம் இதுவே. அக்காலத்தில் உள்ளூர்க் குடும்பத்தோடு வாழ்ந்து பழகியவர் பின்வரும் சோர்வை எளிதில் கடப்பர்.

தொண்டரின் துன்பம் பலராலும் எழுதப்பட்டுள்ளது. அவரை ஏற்றுக்கொண்ட இளைஞரின் துன்பம் அவ்வளவாக எழுதப்படவில்லை. தொண்டர் ஒருவர் கணிதம் கற்பித்து வருகிறார்; தேர்வுக்குச் சில மாதங்களே உள்ளன; அவருடைய காலம் முடிந்துவிடுகிறது. அடுத்தவர் வரும்வரை வகுப்பு வெறுமையாய் இருக்கும். அடுத்தவர் வந்தாலும் புதிய உச்சரிப்பு, புதிய முறை. பிழை தொண்டருடையதன்று, ஆயினும் இழப்பு மாணவருடையது. எதிர்பாராத இடர்களும் உண்டு. 2014-ஆம் ஆண்டு ஜூலையில், எபோலா நோய் பரவியபோது, லைபீரியா, சியரா லியோன், கினி ஆகிய நாடுகளிலிருந்து 340 சமாதானப் படைத் தொண்டர்கள் திருப்பி அழைக்கப்பட்டனர். 2020-ஆம் ஆண்டு மார்ச்சில், கொரோனாத் தொற்றின்போது, உலகெங்கும் பணியிலிருந்த ஏறத்தாழ ஏழாயிரம் தொண்டரும் ஒருசேரத் தாயகம் திரும்பினர். மீண்டும் அனுப்புதல் 2022-ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. ஆபத்து வந்தால் தொண்டர் புறப்படலாம். அவ்வூர்ப் பிள்ளைகள் எங்கே புறப்படுவது?

இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. இரண்டு வாரம் மட்டும் தங்கி அனாதைக் குழந்தைகளோடு பழகுவதற்கென்று கட்டணம் பெற்று ஆட்களை அனுப்பும் வியாபாரம் அது. அன்புக்கு ஏங்கும் குழந்தை வந்தவரைப் பற்றிக்கொள்ளும், அவர் போய்விடுவார், வேறொருவர் வருவார், அவரும் போய்விடுவார். திரும்பத் திரும்ப நேரும் இப்பிரிவு குழந்தையின் மனத்தைச் சிதைக்கிறது. மேலும், வருவோரின் பணத்துக்காகவே, பெற்றோர் உள்ள பிள்ளைகளையும் விடுதிகளில் சேர்க்கும் தீமை பல நாடுகளில் வெளிப்பட்டது. ஆகவே, 2019-ஆம் ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை, அனாதை விடுதிகளில் நடைபெறும் இத்தகைய தொண்டுப் பயணத்தால் விளையும் தீங்குகளைத் தன் தீர்மானத்திலேயே சுட்டிக்காட்டியது.

ஆப்பிரிக்க நாடுகள் இவற்றையெல்லாம் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கவில்லை. தான்சானியாவின் தலைவர் ஜூலியஸ் நியரேரே 1967-ஆம் ஆண்டில் தற்சார்புக்கான கல்விக் கொள்கையை வெளியிட்டார். கல்வி தம் மக்களின் கைகளாலேயே நடைபெறல் வேண்டும் என்பது அதன் உட்கருத்து. 1969-ஆம் ஆண்டில் சமாதானப் படை அந்நாட்டைவிட்டு வெளியேறிற்று. பத்தாண்டுகளுக்குப் பின்னரே, 1979-ஆம் ஆண்டில், திரும்ப ஏற்கப்பட்டது. நைஜீரியா 1973-ஆம் ஆண்டில் தேசிய இளைஞர் பணிப்படையை அமைத்தது. பட்டம் பெற்றோர் தம் சொந்தப் பகுதியை விட்டு, நாட்டின் வேறொரு பகுதியில் ஓராண்டு பணியாற்றுதல் அதன் நெறி. வடக்கே பிறந்தவர் தெற்கே சென்று கற்பிப்பார். தெற்கே பிறந்தவர் வடக்கே செல்வார். பிறகு 2010-ஆம் ஆண்டில், ஓர் ஆப்பிரிக்க நாட்டு இளைஞர் மற்றோர் ஆப்பிரிக்க நாட்டில் பணிபுரிவதற்கென ஆப்பிரிக்க ஒன்றியம் இளைஞர் தொண்டர் படையைத் தொடங்கியது. இவ்வாறு, தொண்டைப் பெறுபவராக மட்டும் எண்ணப்பட்ட இளைஞர் தாமே தொண்டராயினர். வெளியிலிருந்து செல்பவர் இனி அவர்களுக்கு ஆசானாக அன்று, உடனுழைக்கும் தோழராகவே செல்ல வேண்டும்.

இனி, செல்ல விரும்பும் நம் இளைஞர் என்ன செய்தல் வேண்டும்? நான்கு வினாக்களுக்கு விடை தேடிய பின்னரே பெட்டி கட்டுதல் நலம். முதலாவது, இப்பணியைக் கேட்டவர் யார்? அவ்வூர்ப் பள்ளியா, நம்மிடம் கட்டணம் பெறும் பயண நிறுவனமா? இரண்டாவது, நாம் செய்யப்போகும் வேலைக்கு அங்கேயே ஆள் இல்லையா? உள்ளூர்க் கொத்தனார் வேலையின்றி இருக்கும்போது, கரண்டி பிடிக்கத் தெரியாத நாம் சென்று சுவர் எழுப்புவது அவர் கூலியைப் பறிப்பதாகும். மூன்றாவது, நம் காலம் பள்ளி ஆண்டோடு பொருந்துகிறதா? நான்காவது, நாம் திரும்பிய பின் அப்பணியைத் தொடர்பவர் யார்? நான்காம் வினாவுக்கு விடை இல்லையெனில், முதல் மூன்றுக்கும் விடை இருந்தும் பயனில்லை.

முறையான வழிகள் பல உண்டு. 1970-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை ஏற்படுத்திய தொண்டர் திட்டத்தில் இந்தியரும் சேரலாம். இளைஞர் பிரிவுக்கு வயது வரம்பு பதினெட்டு முதல் இருபத்தாறு. அதில் சேர்பவரிடம் கட்டணம் பெறப்படுவதில்லை. வாழ்க்கைச் செலவுக்கு மாதந்தோறும் படி அளிக்கப்படுகிறது. உடல்நலத்தைப் பொறுத்தவரை, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்குச் செல்ல மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி இன்றியமையாதது. பயணத்துக்குப் பத்து நாட்களுக்கு முன்னரேனும் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். அச்சான்றிதழ் இன்றி அந்நாடுகளிலிருந்து திரும்புவோர், இந்தியாவில் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கப்படலாம். மலேரியாவுக்குத் தடுப்பு மாத்திரையும் கொசுவலையும் வேண்டும். இவை சிறு செய்திகளாகத் தோன்றலாம். ஆயினும் தொண்டு செய்யச் சென்றவர் நோயாளியாகி, அவ்வூரின் ஒரே மருத்துவத் தாதிக்குப் பாரமாவது நன்றன்று.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். குறுகிய காலம், தகுதியின்றி, அழைப்பின்றிச் செல்பவர் தமக்கே பயன் தேடிக்கொள்கிறார். அதற்குரிய விலையை அவ்வூர்ப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள். அழைப்பைப் பெற்று, மொழியைக் கற்று, நெடிது தங்கி, தம் இடத்தில் உள்ளூர் இளைஞர் ஒருவரை அமர்த்திவிட்டுத் திரும்புபவரால் இரு சாராரும் பயன் பெறுகின்றனர். மகனோ மகளோ அனுமதி கேட்டு நிற்கும்போது பெற்றோர் கேட்க வேண்டியது, "நீ ஏன் போகிறாய்?" என்பதினும், "நீ வந்த பின் அங்கே யார் இருப்பார்?" என்பதே.