பட்டியலில் பொன்னி இருக்கிறார், தேடினால் வரவில்லை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்றில் இறங்கி எண்ணூர் முகத்துவாரம் வரை படிந்தது. வலை, படகு, எர்ணாவூர் வீட்டுச் சுவர்கள் எல்லாம் கறுத்துப்போயின. தமிழக அரசு நிவாரணம் அறிவித்தது: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000, மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. இப்படிப்பட்ட ஒவ்வோர் அறிவிப்புக்குப் பின்னாலும் ஒரு பட்டியல் இருக்கும். பெயர், குப்பம், குடும்ப அட்டை எண், வங்கிக் கணக்கு.

அந்த மாதிரி ஒரு பட்டியலை, இந்தத் தொடரில் நாம் பேசிவரும் கட்டற்ற மென்பொருள் ஒன்றில் நீங்கள் கையாள்வதாக வைத்துக்கொள்வோம். 'பொன்னி' என்று தட்டித் தேடுகிறீர்கள். அப்படி யாரும் இல்லை என்கிறது திரை. வரிவரியாகக் கீழே இறங்கிப் பார்த்தால் பொன்னி, தாழங்குப்பம் என்று தெளிவாக நிற்கிறது.

இது கற்பனைச் சிக்கல் அல்ல. யூனிகோடில் 'பொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. இரண்டையும் சமமாகக் கொள்ள வேண்டும் என்பது யூனிகோடு விதி. அந்த விதிப்படி சமன்செய்து ஒப்பிடாத செயலிக்கு அவை இரண்டு வேறு சொற்கள். கோவிந்தன், மோகனா, சரோஜா, கொருக்குப்பேட்டை எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் இதே கதி நேரலாம். பெயர் அகப்படாவிட்டால், அட்டையோடு வந்து நிற்பவர் திரும்பிப் போக வேண்டியதுதான். அதனால்தான் இந்த வாரம் முழுவதையும் வழு அறிக்கைக்கு, அதாவது பேச்சில் நாம் 'பக் ரிப்போர்ட்' என்பதற்கு, ஒதுக்குகிறேன்.

பெரும்பாலோர் எழுதுவது இது: "தமிழில் தேடல் வேலை செய்யவில்லை. உடனே சரிசெய்யவும்." இதைப் படிப்பவர் ஜெர்மனியிலோ பிரேசிலிலோ இருப்பார். தமிழ் தெரியாது. தன் கணினியில் ஏதோ ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடிப் பார்ப்பார், அது கிடைத்துவிடும். அறிக்கையை மூடிவிடுவார். அவர்மேல் குற்றமில்லை. உங்கள் திரையில் நடந்ததை அவர் தன் திரையில் நடத்திப் பார்க்க நீங்கள் வழி கொடுக்கவில்லை.

பொன்னி விஷயத்தில் அந்த வழி ஒரு சிறிய கோப்பு. இரண்டே கட்டங்கள்: ஒன்றில் ஒற்றைக் குறியீட்டுப் 'பொன்னி', மற்றதில் இரட்டைக் குறியீட்டுப் 'பொன்னி'. திரையின் படத்தை மட்டும் அனுப்பினால் பயனில்லை, ஏனென்றால் படத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். எழுத்து உடைந்து, கொம்பு இடம்மாறித் தெரிகிற வழு என்றால் மட்டும் படமும் கட்டாயம் வேண்டும். நிவாரணப் பட்டியலை அப்படியே இணைத்துவிடாதீர்கள். வழுப் பதிவேடு ஊரே பார்க்கும் இடம். மக்களின் அட்டை எண்ணும் வங்கிக் கணக்கும் அங்கே போகவே கூடாது.

தலைப்பில் கண்டதைச் சொல்லுங்கள்: "பார்வைக்கு ஒரே மாதிரியான இரண்டு தமிழ்ச் சொற்களில் ஒன்று மட்டுமே தேடலில் அகப்படுகிறது." கீழே எந்தக் கோப்பைத் திறந்தீர்கள், எதைத் தட்டினீர்கள், என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்பதை நடந்த வரிசையில் எழுதுங்கள். செயலியின் பதிப்பு எண், இயங்குதளம், தமிழ் தட்டப் பயன்படுத்தும் விசைப்பலகை ஆகியவையும் வேண்டும். எளிய ஆங்கிலம் போதும், இலக்கணம் பிசகினால் யாரும் கோபிக்க மாட்டார்கள். காரணம் இதுதான் என்று தோன்றினால் அதையும் எழுதலாம், ஆனால் தனிப் பத்தியில், ஊகம் என்று சொல்லி.

அனுப்புமுன் இரண்டு சோதனைகள். இதே வழுவை வேறு யாராவது ஏற்கெனவே பதிந்திருக்கிறார்களா? அப்படியானால் உங்கள் கோப்பை அங்கேயே சேர்த்துவிடுங்கள். அடுத்து, இது செயலியின் பிழைதானா? 'கௌரி' என்பதைக் கொம்போடு 'ள' சேர்த்து 'கெளரி' என்று தட்டியிருந்தால் தேடல் கைவிடத்தான் செய்யும். அது தட்டச்சுப் பிழை. லிபர் ஆபீஸ் என்றால் அதன் பாதுகாப்புப் பயன்முறையில் திறந்து ஒருமுறை பாருங்கள். உங்கள் அமைப்புகளால் வந்த கோளாறு என்றால் அங்கே மறைந்துவிடும்.

நல்ல அறிக்கைக்கு நான் அறிந்தவற்றில் மிகச் சிறந்த உதாரணம் 2024 மார்ச்சில் வந்தது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளின் நிரலாளரான ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட், டெபியன் லினக்ஸ் கணினியில் தொலைநுழைவுக்கு வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாவதைக் கவனித்தார். முன்பு 0.299 வினாடி, இப்போது 0.807 என்று அளந்து எழுதினார். தோண்டிப் பார்த்தபோது, உலகெங்கும் லினக்ஸ் கணினிகளில் இருக்கும் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கள்ளக்கதவு வைத்திருந்தது தெரிந்தது. நான் பாதுகாப்பு ஆய்வாளர் அல்ல, பெரும்பாலும் கவனித்ததை வைத்தே சொல்கிறேன், ஆராயாமல் விட்டது நிறைய உண்டு என்பதையும் அதே அறிக்கையில் சொல்லியிருந்தார்.

அந்தக் கதவு வந்த வழி இன்னும் கவனிக்கத்தக்கது. எக்ஸ்இசட்டை லாசே காலின் என்ற ஒரே ஆள் சம்பளமின்றிப் பராமரித்துவந்தார். 2022இல் சில கணக்குகளிலிருந்து அவருக்கு நச்சரிப்புக் கடிதங்கள் வந்தன: ஏன் இவ்வளவு தாமதம், முடியாவிட்டால் வேறொருவரிடம் கொடு என்று. மனநலச் சிக்கலால் தன்னால் அதிகம் செய்ய முடியவில்லை என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். அழுத்தம் நிற்கவில்லை. உதவ வந்த 'ஜியா டான்' என்பவருக்குப் பொறுப்பில் பங்கு கொடுத்தார். கதவு வைத்தது அந்தக் கணக்கு. நச்சரித்தவை போலிக் கணக்குகள் என்றே இன்று பலரும் கருதுகிறார்கள். ஆனால் உண்மையான பயனர்களும் அதே தொனியில் எழுதிப் பழகியிருந்ததால்தான் அந்த நடிப்பு யாருக்கும் உறுத்தவில்லை. 'உடனே சரிசெய்யவும்' என்ற வரியை உங்கள் அறிக்கையிலிருந்து நீக்கச் சொல்வது இதற்காகத்தான்.

நீங்கள் கண்டது பாதுகாப்பு ஓட்டை என்றால் மட்டும் பொதுப் பதிவேட்டில் எழுதாதீர்கள். பெரும்பாலான திட்டங்களுக்கு அதற்கென்று தனி மின்னஞ்சல் முகவரி உண்டு. ஃப்ராய்ண்டும் முதலில் டெபியன் பாதுகாப்புக் குழுவுக்கே தெரிவித்தார். மார்ச் 29 அன்றுதான் ஊரறியச் சொன்னார். மற்ற வழுக்களைப் பதிந்தபின் உங்கள் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து பாருங்கள். இரண்டு வாரம் கழித்துக்கூடக் கேள்வி வரும். பதில் இல்லாமல் மூடப்படும் அறிக்கைகள் ஏராளம். திருத்திய பதிப்பைச் சோதிக்கச் சொன்னால், அதே இரண்டு கட்டக் கோப்பைத் திறந்து, முடிவை எழுதி அனுப்புங்கள்.

(தொடரும்)