ஸ்போர்ட்டி பைக் வாங்கப் போறீங்களா? முதல்ல உங்க மணிக்கட்டைக் கேளுங்க!

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஈ.சி.ஆர் பக்கம் போனால் தெரியும். மாமல்லபுரம் நோக்கி வரிசை வரிசையாகப் பறக்கும் ஸ்போர்ட்ஸ் பைக்குகள். பார்க்கிற யாருக்கும் ‘நாமளும் ஒண்ணு வாங்கினா என்ன?’ என்று தோன்றும். ஆனால் அதே வண்டிகளில் சில, ஆறே மாதத்தில் ‘சிங்கிள் ஓனர், ரொம்பக் கம்மியா ஓடினது’ என்ற விளம்பரத்தோடு விற்பனைக்கு வந்து நிற்கும். அது ஏன்?

என் நண்பர் ஒருவரின் கதையும் அதுதான். 36 வயது, துரைப்பாக்கத்தில் ஐ.டி வேலை. கல்லூரிக் காலத்துக் கனவு அந்த பைக். ஷோரூமில் ஏறி உட்கார்ந்து, செல்ஃபி எடுத்து, அட்வான்ஸ் கட்டியது எல்லாம் 20 நிமிடத்தில் முடிந்தது. இரண்டாவது மாதம் மணிக்கட்டு வலி ஆரம்பித்தது. மூன்றாவது மாதம் அவர் மனைவி, “ஏங்க, இனிமே நான் பஸ்லயே வந்துடறேன்” என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு வண்டி ஓடவில்லை. இ.எம்.ஐ மட்டும் மாதம் தவறாமல் ஓடியது.

வண்டி மேல் குறையில்லை. தினமும் ஆபீஸுக்கு டிராஃபிக், எப்போதாவது ஞாயிறு காலை ஒரு ரைடு என்று ஓட்டுகிறவருக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான். நீங்களும் அந்த ரகம் என்றால், வாங்கும் முன் பார்க்க வேண்டியவை இவை.

ஒரே இன்ஜின், ரெண்டு விதமான உட்காரும் நிலை

யமஹாவின் ஆர்15, எம்.டி-15 இரண்டையும் எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் இருப்பது 155 சிசி லிக்விட் கூல்டு இன்ஜின்தான். பவரும் ஏறக்குறைய ஒன்றுதான், சுமார் 18 பி.எஸ். ஆனால் அரை மணி நேரம் ஓட்டினால் இரண்டும் வேறு வேறு வண்டி.

ஆர்15-ல் ஹேண்டில்பார் இரண்டு துண்டாக, தாழ்வாக இருக்கும். இதைத்தான் கிளிப்-ஆன் என்கிறார்கள். கால் வைக்கும் ஃபுட்பெக் பின்னால் தள்ளி இருக்கும். உடம்பு தானாக முன்னால் சாயும். எம்.டி-15-ல் அகலமான ஒரே ஹேண்டில்பார், முதுகு கிட்டத்தட்ட நிமிர்ந்திருக்கும்.

குனிந்து ஓட்டுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று நெஞ்சைத் தள்ளி, உடம்பின் பாரத்தைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். மணிக்கட்டுக்குச் சுமை குறையும். ஆனால் 30 கி.மீ வேகத்தில் ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் தாங்குவதற்குக் காற்றே இல்லை. மொத்த பாரமும் உங்கள் கையில்தான். அதனால்தான் ட்ராக்கில் சுகமாக இருக்கும் வண்டி, சிக்னலில் வலிக்கிறது.

சரி, ஃபேரிங் வைத்த வண்டி என்றாலே முதுகு வளையணுமா? இல்லை. சுஸுகி ஜிக்ஸர் எஸ்.எஃப் 250-ல் ஃபேரிங்கும் உண்டு, கிளிப்-ஆனும் உண்டு. ஆனால் ஹேண்டில் கொஞ்சம் உயரமாக இருப்பதால் அவ்வளவு குனிய வேண்டாம். தோற்றமும் வேணும், முதுகும் வேணும் என்பவர்களுக்கு இப்படிப்பட்ட நடுத்தர ரகம் சரிவரும்.

ஷோரூமிலேயே ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். யாரையாவது வண்டியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஓட்டும் நிலையில் உட்கார்ந்து, தொடையால் டேங்கை அணைத்தபடி இரண்டு கையையும் லேசாக எடுங்கள். உடம்பு அப்படியே நின்றால் பரவாயில்லை. முன்னால் சரிந்தால், அந்த பாரத்தை நாளைக்குத் தாங்கப்போவது உங்கள் மணிக்கட்டு.

உயரமும் எடையும்

ஆர்15-ன் சீட் உயரம் 815 மி.மீ, எஸ்.எஃப் 250-ல் 800 மி.மீ. எண்ணைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். சீட் அகலமாக இருந்தால் கால் இன்னும் எட்டாது. அதோடு எடையையும் சேர்த்துப் பாருங்கள். முதல் வண்டி சுமார் 140 கிலோ, அடுத்தது சுமார் 160 கிலோ. ஓடும்போது இந்த 20 கிலோ தெரியாது. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பின்னால் தள்ளி எடுக்கும்போது நன்றாகவே தெரியும்.

பவர் எவ்வளவு என்பதைவிட, எங்கே கிடைக்கிறது?

விளம்பரத்தில் பெரிதாகப் போடும் பவர், இன்ஜின் உச்சத்தில் சுற்றும்போது கிடைப்பது. ஆர்15-க்கு அது 10,000 ஆர்.பி.எம்மில். நகரத்தில் அந்த எண்ணைத் தொடவே வாய்ப்பில்லை. தினசரி ஓட்டத்துக்கு உதவுவது டார்க் எனும் இழுவிசை. 155 சிசி இன்ஜினில் அது சுமார் 14 நியூட்டன் மீட்டர், 250 சிசி ஜிக்ஸரில் சுமார் 22. பின்னால் ஆள் உட்கார்ந்து மேம்பாலம் ஏறும்போது அடிக்கடி கியரைக் குறைக்க வேண்டியிருக்காது. தனியாக மட்டும் போகிறவருக்கு 155 சிசியே தாராளம், மைலேஜும் கூடுதல்.

நம்பகமான வண்டி எது?

‘எந்தப் பிரச்னையும் வராத வண்டி’ என்று ஒன்று கிடையாது. பிரச்னை வந்தால் சீக்கிரம் சரியாகிற வண்டிதான் நம்பகமான வண்டி. எனவே, ஷோரூமுக்குப் போகும் முன் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். வாசலில் நிற்கும் உரிமையாளர்களிடம் பேச்சுக் கொடுங்கள். ஸ்பேர் கவுன்ட்டரில் பிரேக் பேட், கிளட்ச் கேபிள், ஃபேரிங் பேனல் என்ன விலை, எத்தனை நாளில் கிடைக்கும் என்று கேளுங்கள். நின்ற இடத்தில் வண்டி சாய்ந்தாலே ஃபேரிங் கீறும், உடையும். அதன் விலை உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

புத்தம் புது மாடல் என்றால் ஆறு மாதம் பொறுங்கள். ஆரம்பக் கோளாறுகள் அதற்குள் வெளியே வந்துவிடும்.

பட்ஜெட்டில் விட்டுப்போகும் கணக்கு

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி 18%, அதற்கு மேல் 40%. தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸில் 150 சிசியைத் தாண்டினால் அடுத்த கட்டணப் பிரிவு. அந்த வகையில் 155 சிசிக்கும் 250 சிசிக்கும் ஒரே பிரீமியம்தான். புது வண்டிக்கு இதை ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும்.

125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ் கட்டாயம். ஆனால் சிங்கிள் சேனல் என்றால் முன் சக்கரத்துக்கு மட்டும்தான். முடிந்தவரை இரண்டு சக்கரத்துக்கும் உள்ள டூயல் சேனலையே எடுங்கள். நல்ல ஹெல்மெட், கையுறை, ஜாக்கெட்டுக்கு ஒரு தொகையை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். மிச்சப் பணத்தில்தான் வண்டி.

டெஸ்ட் ரைடு என்றால் தெருமுனை வரை இல்லை

குறைந்தது அரை மணி நேரம் கேளுங்கள். ஸ்பீட் பிரேக்கர், யூ-டர்ன், சிக்னல் நெரிசல் எல்லாம் உள்ள ரோட்டில் ஓட்டுங்கள். நெரிசலில் இன்ஜின் சூடு காலில் அடிக்கிறதா, திறந்த சாலையில் ஹேண்டிலிலும் ஃபுட்பெக்கிலும் அதிர்வு தெரிகிறதா என்று கவனியுங்கள். இறங்கியதும் கையையும் இடுப்பையும் அசைத்துப் பாருங்கள். அரை மணியில் வலித்தால், ஏலகிரி போய்த் திரும்புவதை நினைத்தே பார்க்க வேண்டாம். வழக்கமாகப் பின்னால் உட்காருபவரையும் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

நண்பர் அந்த வண்டியை நஷ்டத்துக்குத்தான் விற்றார். போன மாதம் நிமிர்ந்து உட்காரும் பைக் ஒன்றைப் பார்க்கப் போனபோது மனைவியையும் அழைத்துப் போயிருக்கிறார். டாப் ஸ்பீடு, பிக்கப் என்று சேல்ஸ்மேன் அடுக்கிக்கொண்டே போக, அவர் மனைவி குறுக்கிட்டுக் கேட்டாராம்: “அதெல்லாம் சரி தம்பி, பின்னாடி உட்கார்றவங்க பிடிச்சுக்க இதுல என்ன இருக்கு?”