குளிர் வேண்டியது வீட்டுக்கா, மனிதருக்கா?



சித்திரை வெயிலின் கடுமையை அறிய விரும்புவோர் அடி அண்ணாமலைக்கு வந்து பார்க்கலாம். திருவண்ணாமலை நகருக்கு மலையின் மறுபுறத்தில், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அமைந்த ஊர் இது. பகலெல்லாம் காய்ந்த பாறையும் கான்கிரீட் தளமும் இரவிலும் எளிதில் ஆறுவதில்லை. இஷா தொழுதுவிட்டு வந்து படுத்தால், மின்விசிறி வெப்பக் காற்றையே கீழே தள்ளும்.

இவ்வூரில் என் தம்பி வீடு கட்டியிருக்கிறார். துபாயில் பல்லாண்டு உழைத்தவர். அங்குள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளில், கூரைக்குள் ஓடும் குழாய்கள் வழியே எல்லா அறைகளுக்கும் குளிர்காற்று வருவது வழக்கம். "அம்மாவும் அப்படி வசதியா இருக்கட்டும், அண்ணே" என்று தொலைபேசியில் சொன்னார். நல்ல எண்ணந்தான். ஆனால், அதற்கென அவர் எடுக்க நினைத்தது, பணி முடிவில் கிடைக்கவிருக்கும் பணிக்கொடை. அவருடைய மூத்த மகளோ அடுத்த ஆண்டு கல்லூரியில் சேர வேண்டியவள். ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். அந்தக் கணக்கு உங்களுக்கும் பயன்படக்கூடும்.

விலைச்சீட்டில் தெரியாத செலவுகள்

கடைக்காரர் முதலில் சொல்வது இயந்திரத்தின் விலையை மட்டுமே. அதற்குப் பின் வருபவை பல. துத்தநாகம் பூசிய தகட்டில் செய்த காற்றுக்குழாய், அது வியர்த்துச் சொட்டாமலிருக்க மேலே சுற்றும் வெப்பத்தடுப்பு உறை, அறைதோறும் காற்று வரும் கிராதி, காற்று திரும்பிச் செல்லும் வழி, செம்புக் குழாய், நீர் வடிகுழாய், இவை அனைத்தையும் மறைக்கும் ஃபால்ஸ் சீலிங். இத்தனையும் சதுர அடிக்கு இவ்வளவு, மீட்டருக்கு இவ்வளவு என்று தனித்தனியே ஏறும். போதாக்குறைக்கு, மும்முனை மின் இணைப்பும் கூடுதல் மின்பளுவும் தேவைப்படலாம்.

கட்டி முடித்த வீடாக இருந்தால் சிரமம் இரட்டிப்பாகும். குழாய் செல்ல உத்திரங்கள் இடம் கொடுக்கா. 10 அடி உயர அறையில் ஓர் அடிக்கு மேல் குறையும். இத்தகைய ஏற்பாடு வேண்டுவோர், தளம் போடுவதற்கு முன்பே வரைபடத்தில் அதற்கு இடம் விடுவதே அறிவுடைமை. ஏ.சி. மீதான ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது உண்மையே. ஆயினும், வரி குறைந்ததனால் வேலையின் அளவு குறைந்துவிடாது.

இரண்டு மாதத்துக்கொருமுறை வரும் விருந்தாளி

நிறுவும் செலவு ஒருமுறையோடு முடியும். மின்கட்டணம் முடியாது.

டன் என்பது இயந்திரத்தின் எடையன்று. ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாளில் முழுவதும் உருகுவதற்கு எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அந்த ஆற்றலின் அளவு. கூடமும் மூன்று படுக்கையறைகளும் உள்ள வீட்டுக்கு 5.5 டன் என்று கொள்வோம். அது முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு ஏறத்தாழ 6 யூனிட் மின்சாரம் இழுக்கும். நாளுக்கு 8 மணி நேரம், 60 நாட்கள் என்றால் 2,880 யூனிட். ஓர் அறைக்கான 1.5 டன் ஏ.சி. மணிக்கு ஒன்றரை யூனிட் வீதம் அதே காலத்தில் 720 யூனிட்.

2022 செப்டம்பரில் வந்த வீட்டு மின்கட்டண அடுக்கில் முதல் 100 யூனிட் இலவசம். 1,000 யூனிட்டைத் தாண்டிய ஒவ்வொன்றுக்கும் 11 ரூபாய். அந்த அடுக்கில் வைத்துப் பார்த்தால் முன்னதற்கு 27,230 ரூபாய். பின்னதற்கு 3,830 ரூபாய். யூனிட் நான்கு மடங்கு. கட்டணமோ ஏழு மடங்கு! அறை குளிர்ந்தபின் இயந்திரம் ஓய்வெடுக்கும் என்பதால் இது அதிகபட்சக் கணக்கே. ஆனால் விளக்கு, மின்விசிறி, குளிர்பெட்டி இதில் சேரவில்லை. கட்டணமும் அதற்குப் பின் உயர்ந்திருக்கிறது.

பழையவர்கள் கண்ட வழி

தம்பி வாழும் அதே துபாயில், அல் ஃபஹீதி என்னும் பழைய பகுதியில், மண்டபம் போன்ற காற்றுக் கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன. பாரசீகக் கரையிலிருந்து வந்து குடியேறிய வணிகர்கள் கட்டியவை. உயரத்தில் வீசும் காற்றைப் பிடித்துக் கீழே இறக்கும் அந்தக் கோபுரமும் ஒரு காற்றுக்குழாயே. ஆனால் அது காற்றைக் கொண்டுவந்தது, மக்கள் அமர்ந்திருந்த அறைக்கு. ஆளில்லாத அறைகளுக்காக அவர்கள் கோபுரம் எழுப்பவில்லை.

இதற்கு மாறான கதையொன்றும் உண்டு. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் சார்லஸ் கேட்ஸ் என்னும் செல்வந்தரின் மாளிகையில் 1914ஆம் ஆண்டு குளிர்சாதனம் பொருத்தப்பட்டது. வீடொன்றில் அமைந்த முதல் குளிர்சாதனமென அதைச் சொல்வார்கள். ஏறத்தாழ 20 அடி நீள இயந்திரம். ஆனால் அவர் 1913லேயே இறந்துவிட்டார். தம் மாளிகையின் குளிரை அவர் ஒருநாளும் அனுபவிக்கவில்லை.

எங்கள் முடிவு

இந்தக் கணக்கையெல்லாம் தாயாரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் படுக்கிறது ஒரு ரூம்ல. எல்லாச் சன்னலையும் மூடிட்டா, வாசல்ல யாராவது கூப்பிட்டாகூட எனக்குக் கேக்காதே" என்றார். தனியே வாழும் முதியவரின் அச்சம் அது. எந்த விலைச்சீட்டிலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை.

மொட்டைமாடிக்கு வெப்பத்தைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு. அவர் படுக்கும் அறைக்கு மட்டும் ஒரு ஏ.சி.; அதை 24 டிகிரிக்குக் கீழே இறக்குவதில்லை; பிற அறைகளுக்குப் பின்னாளில் தேவைப்பட்டால் மாட்ட, சுவரில் துளையும் மின்கம்பியும் மட்டும். இதுவே எங்கள் முடிவு. பணிக்கொடை பேத்தியின் படிப்புக்கென நின்றது.

கூட்டுக் குடும்பமாய் எல்லா அறைகளிலும் ஆட்கள் உறங்கும் இல்லமாயின், குழாய்வழிக் குளிர் பொருத்தமாகலாம். அப்போதும் மூன்றைக் கேட்டுப் பெறுங்கள்: ஒவ்வோர் இனத்துக்கும் தனி விலை எழுதிய சீட்டு, அறைவாரியாகக் காற்றை நிறுத்தும் வசதி, வடிகட்டியைக் கழற்றித் துடைக்கக் கூரையில் ஒரு திறப்பு.

வெப்பத்திலிருந்து பெற்றோரைக் காப்பது கடமை. அதில் கஞ்சத்தனம் கூடாது. ஆளில்லா அறையைக் குளிர்விப்பதோ இஸ்ராஃப். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள கோட்டை அறிய ஒரு கேள்வி போதும்: இன்றிரவு இந்த அறையில் யார் உறங்கப் போகிறார்?