வாசலில் காத்திருந்த சாட்சி

துப்பறியும் கதை என்றதும் நம் கண்முன் வருபவர் யார்? தொப்பியும் நீண்ட கோட்டும் அணிந்த துப்பறிவாளர் அல்லது மிடுக்கான போலீஸ் அதிகாரி. ஆனால், பழங்காலத்தைப் பின்னணியாகக் கொண்ட சில மர்மக் கதைகளில், வீட்டு வேலைக்காரரே உண்மையைத் தேடிப் போகிறார்.

நம் நாட்டு எழுத்தாளர் யாங்சி சூ 2019-இல் வெளியிட்ட 'தி நைட் டைகர்' எனும் ஆங்கில நாவல் இதற்கு நல்ல உதாரணம். கதை நடப்பது 1931-இல், பேராக் மாநிலத்தில். இறந்துபோன தன் எஜமானரின் துண்டிக்கப்பட்ட விரலைத் தேடி, 49 நாட்களுக்குள் அவர் உடலோடு சேர்க்க வேண்டும். அந்தப் பொறுப்பைச் சுமந்து பத்து காஜாவில் ஒரு டாக்டர் வீட்டில் வேலைக்குச் சேர்கிறான் 11 வயதுச் சிறுவன் ரென்.

வேலைக்காரர் ஏன் துப்பறிய ஏற்றவர்? அவர் எந்த அறைக்குள் நுழைந்தாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. துணி துவைப்பவருக்குக் கறை தெரியும். தேநீர் கொண்டு வருபவர் காதில் பாதிப் பேச்சாவது விழும். வாசலில் நிற்பவருக்கு வந்தவர் யார், போன நேரம் என்ன என்பதெல்லாம் அத்துப்படி. எஜமானர்களோ, 'இவனுக்கு என்ன புரியப்போகிறது' என்று எண்ணி, ஒளிக்க வேண்டியதையும் அவர் முன்னாலேயே பேசிவிடுவார்கள்.

கோலாலம்பூரை உலுக்கிய வழக்கு

இது வெறும் கற்பனை அல்ல. கோலாலம்பூரிலேயே இதற்கு நெருக்கமான ஒரு சம்பவம் நடந்திருக்கிறது.

1911 ஏப்ரல் 23, ஞாயிற்றுக்கிழமை இரவு. அக்காலத்தில் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளி, இன்றைய ஜாலான் துன் எச்.எஸ்.லீயில், கிள்ளான் ஆற்றோரம் இருந்தது. தற்காலிகத் தலைமையாசிரியர் வில்லியம் பிரவுட்லோக் விருந்துக்குப் போயிருந்தார். பங்களாவில் இருந்தவர் மனைவி எத்தல். அவரைப் பார்க்க ரிக்‌ஷாவில் வந்தார், ஈயச் சுரங்க மேலாளராக இருந்த வில்லியம் ஸ்டூவர்ட். ரிக்‌ஷாக்காரரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் படியேறினார். சற்று நேரத்தில் துப்பாக்கி வெடித்தது. ஸ்டூவர்ட் மாண்டார்.

தன்னைப் பலாத்காரம் செய்ய முயன்றதால் தற்காப்புக்காகச் சுட்டேன் என்றார் எத்தல். உள்ளே நடந்ததைச் சொல்ல வேறு ஆள் இல்லை. ஆனால், வெளியே ஒருவர் இருந்தார். சத்தம் கேட்டதும், ஸ்டூவர்ட் தள்ளாடியபடி வெளியே வந்ததையும், பின்னாலேயே அப்பெண்மணி கைத்துப்பாக்கியுடன் வந்ததையும் ரிக்‌ஷாக்காரர் கண்டார். அதையே நீதிமன்றத்திலும் சொன்னார்.

அவர் துப்பறியக் கிளம்பியவர் அல்லர். வீட்டு வேலைக்காரரும் அல்லர். ஆயினும், துரைமார் கண்ணுக்குத் தென்படாத கூட்டத்தில் ஒருவர். தற்காப்புக்கு ஒரு குண்டு போதாதா? தப்பி ஓடுபவரைத் துரத்திச் சுடுவது எப்படித் தற்காப்பாகும்? வழக்கின் ஆணிவேரான இந்தக் கேள்வியை எழுப்பியதில் அவர் சாட்சியத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

ஜூன் மாதம் எத்தலுக்குத் தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டது. நகரின் ஐரோப்பியர்கள் கொதித்தெழுந்து மனு கொடுத்தனர். ஜூலையில் சிலாங்கூர் சுல்தான் மன்னிப்பு வழங்க, எத்தல் விடுதலையாகி இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அன்றிரவு உண்மையில் நடந்தது என்ன என்பது இன்றும் விவாதப் பொருளே.

கதையிலும் ஒரு குமாஸ்தா

1921-இல் மலாயா வந்த ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம், இவ்வழக்கைத் தழுவி 'தி லெட்டர்' எனும் சிறுகதையை எழுதினார். அது நாடகமாகி, 1940-இல் பெட்டி டேவிஸ் நடித்த திரைப்படமாகவும் வந்தது. அக்கதையில் கொலையுண்டவருக்கு அப்பெண் எழுதிய கடிதம் இருப்பதை வெளியே கொண்டுவருபவர் யார் தெரியுமா? வழக்கறிஞரிடம் வேலை பார்க்கும் சீனக் குமாஸ்தா ஓங் சீ செங். அங்கும் உண்மையின் சாவி, கைகட்டி நிற்பவரிடமே இருக்கிறது!

ஆனாலும், இவ்வழக்கைப் பேசுவோர் எத்தலைப் பேசுகிறார்கள், சாமர்செட் மாமைப் பேசுகிறார்கள். ரிக்‌ஷாக்காரரைப் பேசுவது அரிது. சாட்சி சொல்ல மட்டும் அழைக்கப்பட்டு, பிறகு மறக்கப்பட்டவர் அவர்.

இது நமக்கும் பொருந்தும். தோட்டத்துத் துரை பங்களாக்களில் சமையல்காரராக, ஆயாவாக, தோட்டக்காரராக, காவலாளியாக நம்மவர்களும் வேலை செய்தார்கள். அவர்கள் பார்த்தவை, கேட்டவை, வாய்விட்டுச் சொல்லாதவை எத்தனையோ. அவற்றில் பெரும்பகுதி ஏட்டில் ஏறவே இல்லை. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ உங்கள் வீட்டில் முதியவர் இருந்தால், இந்த வார இறுதியில் அருகில் உட்கார்ந்து கேளுங்கள்: "தாத்தா, அந்த பங்களாவில் என்ன நடந்தது?"

யாரும் கேட்காததால்தான் அவர் இதுவரை சொல்லாமல் இருந்திருப்பார்.